சலக்கசிவுக்கான சத்திரசிகிச்சை நரம்புகளையும் தாம்பத்திய உறவையும் பாதிக்குமா?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவருக்கு வயது 46. மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம்; மூத்த பிள்ளையை மட்டும் ஆயுதம் போட்டு எடுத்திருக்கிறார்கள். ஐந்தாறு வருடங்களாக இருமினாலும், தும்மினாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும், கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடந்தாலும் சலம் கசிகிறது. கணவருடன் சேரும்போதும் சில வேளைகளில் கசிவதால், ஏதாவது சாட்டுச் சொல்லி அதைத் தவிர்த்து வருகிறார். வி.ஓ.ஜி. டொக்டர் (மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்) நாடா வைத்துச் செய்யும் ஒரு சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இலண்டனில் இருக்கும் அக்காவோ, "அதை மட்டும் செய்யாதே, நரம்பு வெட்டுப்பட்டுவிடும், பிறகு ஒன்றையும் உணரமாட்டாய்" என்று சொல்லிவிட்டார். கணவரும் தனக்கு ஏதும் ஆகுமோ என்று தயங்குகிறார். இதில் எது உண்மை என்பதே கேள்வி.

பெண்கள் வாட்டுகளில் நீண்ட காலம் வைத்தியராக வேலைசெய்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சொல்வதானால், உங்கள் அக்கா பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியானதல்ல. நரம்பு அறுந்து உணர்வே இல்லாமற்போவது இந்தச் சத்திரசிகிச்சையில் மிக அரிது. சிலருக்கு மட்டும் என்றாலும் உண்மையில் நடக்கின்ற கெடுதி அதற்கு நேர்மாறானது: உணர்வு குறைவதல்ல, வலி கூடுவது. மறுபக்கத்தில், கசிவு நின்ற பெண்களில் பெரும்பாலானோருக்குத் தாம்பத்திய உறவு முன்பிருந்ததைவிட இலகுவாகிறது, அல்லது முன்போலவே இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "செய்யலாமா, கூடாதா" என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைக்காது.

முதலில் நரம்புகள். பெண்ணின் அடிப்பகுதியில் தொடுகை, இன்பம், வலி ஆகியவற்றைப் பெரும்பாலும் எடுத்துச்செல்வது பியுடென்டல் நரம்பு. முள்ளந்தண்டின் கீழ் முனையான திருவென்பின் 2ஆம், 3ஆம், 4ஆம் நரம்பு வேர்களிலிருந்து புறப்படும் இந்த நரம்பு, நாம் உட்காரும்போது பாரம் தாங்கும் எலும்பின் உட்புறமாக ஒரு சிறிய கால்வாய்க்குள் ஓடி, பின்னர் மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிளை மலவாயிலுக்கும், இன்னொன்று யோனிக்கும் மலவாயிலுக்கும் இடையிலுள்ள பகுதிக்கும் யோனி இதழ்களுக்கும், மூன்றாவது கிளை கிளிட்டோரிஸுக்கும் போகின்றன. கிளிட்டோரிஸ் என்பது யோனி வாயிலின் முன் உச்சியில் இருக்கும் இன்ப உறுப்பு; மன்மதபீடம் என்று எழுதுவாரும் உண்டு. அந்த மூன்றாவது கிளை இடுப்பெலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி மேலேறி, அடிவயிற்றின் கீழே முன்பக்கத்தில் இருக்கும் பூப்பெலும்புக்கு அடியால் வளைந்து உறுப்பின் மேற்புறத்தை அடைகிறது. எலும்பை ஒட்டிய இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாடா போகும் வழியைப் பேசும்போது இது தேவைப்படும்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாங்கள் படித்த உடற்கூற்றுப் புத்தகங்களில் கிளிட்டோரிஸ் ஒரு சிறு மொட்டாகவே வரையப்பட்டிருந்தது. மெல்பேர்னைச் சேர்ந்த ஹெலன் ஓகொனல் என்ற சிறுநீரியல் சத்திரசிகிச்சை நிபுணர் 1998இல் வெளியிட்ட ஆய்வில்தான் அது வெளியே தெரிவதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதும், அதன் உட்பகுதிகள் சிறுநீர்வழியையும் யோனியின் முன்சுவரையும் இரு புறமும் அணைத்துக்கொண்டு கிடக்கின்றன என்பதும் தெளிவாக எழுதப்பட்டன. ஆண்களுக்குப் புரொஸ்டேட் சத்திரசிகிச்சை செய்யும்போது விறைப்புக்கான நரம்பைக் காப்பாற்றவேண்டும் என்று 1980களிலேயே வழிமுறை வகுத்தார்கள். பெண்ணின் நரம்பைப் பற்றி அதே அக்கறை வருவதற்கு எத்தனை காலம் ஆனது என்பதை எண்ணும்போது, உங்கள் அக்காவைப் போன்றவர்கள் சந்தேகப்படுவதை நான் குறையாகக் கொள்ளமாட்டேன்.

பியுடென்டல் நரம்புக்கு அப்பால், நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் நரம்புகளின் வலைப்பின்னல் ஒன்று சலப்பைக்கும் யோனிக்கும் இரு பக்கத்திலும் பரந்து கிடக்கிறது. உணர்ச்சி எழும்போது இரத்தம் பாய்வதும் யோனி ஈரமாவதும் அதன் வேலை. தொடையை உட்பக்கமாகச் சேர்க்கும் தசைகளை இயக்கி, உள்தொடைத் தோலுக்கும் உணர்வு கொடுக்கும் ஒப்டூரேட்டர் நரம்பு முதுகின் 2ஆம் முதல் 4ஆம் வரையான இடுப்பு நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. அடிவயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் பூப்புமேட்டுக்கும் உணர்வு தரும் வேறு இரண்டு மெல்லிய நரம்புகள் வயிற்றுச் சுவருக்குள் ஓடுகின்றன. ஆகவே "நரம்பு பாதிக்கப்படுமா" என்ற கேள்வியை, எந்த வழியாகச் செய்யும் சத்திரசிகிச்சை எந்த நரம்புக்கு அருகே போகிறது என்று மாற்றிக் கேட்கவேண்டும்.

இன்று மிக அதிகமாகச் செய்யப்படுவது நாடா வைக்கும் முறை. யோனியின் முன்சுவரில், சிறுநீர்வழியின் நடுப்பகுதிக்கு நேர் கீழே ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் ஒரு வெட்டு. அதனூடாக ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலமான பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாலான வலைநாடா ஒன்றைச் சிறுநீர்வழிக்கு அடியில் ஊஞ்சல் போலத் தொங்கவிடுவார்கள். இருமும்போது சிறுநீர்வழி கீழே சரிய, நாடா அதைத் தாங்கி மடித்துக் கசிவை நிறுத்தும். சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டெனும் அவுஸ்திரேலியாவின் பீற்றர் பெட்ரோஸும் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. அவர்கள் வைத்த நாடாவின் இரு முனைகளும் பூப்பெலும்புக்குப் பின்னால் மேலேறி அடிவயிற்றில் வெளிவந்தன. ஊசி அந்த வழியில் சலப்பையைத் துளைத்துவிடக்கூடும் என்பதால், பிரான்சின் எம்மானுவேல் டெலோர்ம் 2001இல் வேறு பாதை சொன்னார்: நாடாவை இடுப்பெலும்பிலுள்ள துளையினூடாகப் பக்கவாட்டில் செலுத்தி, தொடையின் உட்புற மடிப்பில் வெளியே எடுப்பது. அவர் ஊசியைத் தொடையிலிருந்து யோனி வெட்டை நோக்கி, அதாவது வெளியிலிருந்து உள்ளே செலுத்தினார். 2003இல் பெல்ஜியத்தின் ஜான் டி லெவால் உள்ளிருந்து வெளியே செலுத்தும் முறையைச் சொன்னார்.

இந்தப் பாதை வித்தியாசம்தான் உங்கள் கேள்வியின் மையம். தொடை வழி நாடா, கிளிட்டோரிஸ் நரம்பு ஒட்டி ஓடும் அதே எலும்பு விளிம்பைச் சுற்றியே போகிறது. இறந்த உடல்களில் அளந்து பார்த்தபோது, வெளியிலிருந்து உள்ளே செலுத்தும் ஊசி அந்த எலும்பு விளிம்பை நெருங்கியும் ஒப்டூரேட்டர் நரம்பை விட்டு விலகியும் போவதும், உள்ளிருந்து வெளியே செலுத்தும் ஊசி அதற்கு மாறாக ஒப்டூரேட்டர் நரம்பை நோக்கி நெருங்குவதும் தெரியவந்தன. தொடைத் தசைகளுக்குள்ளும் நாடா கிடப்பதால், காலை அகட்டும்போதும் நடக்கும்போதும் அது இழுபடும். பூப்பெலும்புக்குப் பின்னால் போகும் நாடா இவற்றை விட்டு விலகிப்போனாலும், சலப்பையையும் பெரிய இரத்தக்குழாய்களையும் அடிவயிற்று நரம்புகளையும் அது அணுகவேண்டியிருக்கிறது.

எண்ணிக்கைகள் இதை ஒத்தே இருக்கின்றன. அமெரிக்காவில் 597 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், கசிவை நிறுத்துவதில் இரண்டு வழிகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஆனால் காலில் பலவீனம், மரப்பு போன்ற நரம்பு சம்பந்தமான அறிகுறிகள் தொடை வழியில் 9.4 சதவீதத்தினருக்கும், பூப்பெலும்பு வழியில் 4 சதவீதத்தினருக்கும் இருந்தன. சலம் கழிக்கமுடியாமற் போய் மீண்டும் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தவர்கள் பூப்பெலும்பு வழியில் 2.7 சதவீதம், தொடை வழியில் ஒருவருமில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பில், தொடையிடுக்கு வலி தொடை வழியில் 6.4 சதவீதம், பூப்பெலும்பு வழியில் 1.3 சதவீதம், சலப்பை துளைபடுவது முறையே 0.6, 4.5 சதவீதம். சலப்பை துளைபட்டாலும், சத்திரசிகிச்சை மேசையிலேயே கமெரா விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் பின்விளைவின்றி ஆறிவிடும். தொடையிடுக்கில் நிலைத்துவிட்ட நரம்பு வலியை அப்படி எளிதில் சரிசெய்ய முடிவதில்லை. இந்தக் காரணத்துக்காக, உங்கள் இடத்தில் நான் இருந்து நாடாவைத் தெரிவுசெய்வதாக இருந்தால், பூப்பெலும்புக்குப் பின்னால் போகும் வழியையே கேட்பேன். பிரித்தானியாவின் வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2019இல் சொன்னதும் இதுவே: முன்பு செய்த சத்திரசிகிச்சை போன்ற தனிக் காரணம் இருந்தாலன்றி, தொடை வழி நாடாவை வழங்கவேண்டாம்.

சிறு நாடா என்று இன்னொன்றும் உண்டு. ஒரே வெட்டில் வைத்து, தொடையிலோ வயிற்றிலோ வெளியே எடுக்காமல் உள்ளேயே பொருத்திவிடுவது. சிறியதென்றால் தீங்கும் சிறியதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிரித்தானியாவில் ஏறத்தாழ 600 பெண்களில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், மூன்று வருடங்களின் பின்னர் உடலுறவின்போது வலி இருப்பதாகச் சொன்னவர்கள் சிறு நாடா வைத்தவர்களில் 11.7 சதவீதம், வழமையான நாடா வைத்தவர்களில் 4.8 சதவீதம். தொடையிடுக்கிலோ தொடையிலோ வலி இரு குழுவினரிலும் ஏழுபேரில் ஒருவருக்கு, அதாவது 14 முதல் 15 சதவீதத்தினருக்கு, மூன்று வருடங்களின் பின்னரும் இருந்தது. எல்லா வலியும் நாடாவினால் வந்ததென்று சொல்லமுடியாது. இருந்தாலும் "ஒரு பிரச்சினையும் வராது" என்று எவரும் உங்களிடம் சொல்லக்கூடாது என்பதற்கு இந்த எண் போதும்.

நாடா வேண்டாம் என்பவர்களுக்கு வலையில்லாத வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, 1961இல் ஜோன் பேர்ச் விவரித்த முறை: வயிற்றைத் திறந்தோ கமெரா வழியாகவோ, யோனிச் சுவரைச் சிறுநீர்வழியின் இரு பக்கமும் தூக்கிப் பூப்பெலும்பின் பின்புறத் தசைநாரில் தைத்துவிடுவது. மற்றது, பெண்ணின் சொந்த வயிற்றுச்சுவர் உறையிலிருந்தே ஒரு பட்டியை எடுத்துச் சிறுநீர்வழிக்கு அடியில் வைப்பது. இவற்றில் வலை வெளியே எட்டிப்பார்க்கும் ஆபத்து இல்லை. ஆனால் வயிற்று வெட்டின் ஓரத்தில் அடிவயிற்று நரம்புகள் தையலில் சிக்கிக்கொள்ளலாம். பூப்புமேட்டில் மரப்பு சில மாதங்களுக்கு இருக்கலாம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு 655 பெண்களில் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், இருமல், தும்மல் கசிவைப் பொறுத்தவரை சொந்த உறைப்பட்டி 66 சதவீதத்தினருக்கும் பேர்ச் முறை 49 சதவீதத்தினருக்கும் வெற்றியளித்தது. சலம் கழிப்பதில் சிரமம் மட்டும் பட்டி வைத்தவர்களில் 14 சதவீதமாகவும் மற்றவர்களில் 2 சதவீதமாகவும் இருந்தது. இவை பெரிய சத்திரசிகிச்சைகள். வாட்டில் கூடுதல் நாட்கள் படுக்கவேண்டும், வீட்டு வேலைக்குத் திரும்பவும் நாளாகும்.

அக்கா இலண்டனில் கேள்விப்பட்டதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இந்த வலைகளின் பயன்பாடு இடைநிறுத்தப்பட்டது உண்மை. பரோனஸ் கம்பர்லெஜ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. உட்கார முடியாத வலியையும், முறிந்துபோன மணவாழ்வையும் பெண்கள் எடுத்துச் சொன்னபோது வருடக்கணக்காக வைத்தியர்கள் அதைக் காதில் வாங்கவில்லை என்பதே அதன் முக்கியக் குற்றச்சாட்டு. ஆனால் செய்திகளில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. கர்ப்பப்பை இறக்கத்துக்கும் சலப்பை இறக்கத்துக்கும் யோனி வழியாக வைக்கப்பட்டது அகலமான வலைத்துண்டு. அதன் விற்பனையையே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 ஏப்ரலில் நிறுத்தியது. சலக்கசிவுக்கு வைக்கும் ஒடுங்கிய நாடாவை அந்த அமெரிக்கத் தடை தொடவில்லை. உடலுக்குள் போகும் வலையின் அளவு கூடக்கூட வடுவும் சுருக்கமும் வலியும் கூடும் என்பதால் இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அல்ல. அதற்காக நாடா அப்பாவியாகவும் ஆகிவிடாது; அது நிரந்தரமாக இருப்பதற்கென்றே வைக்கப்படுகிறது. பிறகு வேண்டாமென்றால், தசையோடு பின்னிப்போன அதை முழுவதுமாக எடுப்பது வைத்ததைவிட மிகக் கடினம். எடுத்த பின்னரும் வலி நீங்காதவர்கள் உண்டு. கசிவு திரும்பியவர்களும் உண்டு.

இனி உறவைப் பற்றி. தாம்பத்தியத்தின்போது கசிவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த வெட்கக்கேடு அல்ல. சலக்கசிவுக்காக வைத்தியம் தேடிவந்த, மணவாழ்வில் இருக்கும் 324 பெண்களிடம் விசாரித்து 1988இல் வெளியான ஆய்வில் நான்கில் ஒருவருக்கு இது இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உறுப்பு உட்செல்லும்போதும், ஒரு பங்கினருக்கு உச்சத்தின்போது மட்டும் கசிந்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல. உட்செல்லும்போது கசிவது பெரும்பாலும் இருமல், தும்மல் கசிவின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாடாவோ தையலோ அதை நன்றாகக் குறைக்கும். உச்சத்தில் கசிவது பலரில் சலப்பை தானாகச் சுருங்குவதால் வருவது. அதற்கு மருந்தும் பயிற்சியும் பொருந்தலாம், நாடா பொருந்தாமல் போகலாம். உங்களுக்கு எப்போது கசிகிறது என்பதை டொக்டரிடம் சொல்லாவிட்டால், கசிவு நிற்காத ஒரு சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டு வருத்தப்பட நேரும். கேட்க எனக்கே தயக்கமாக இருந்த காலம் உண்டு. கேட்டபோது பதில் சொல்லாத பெண்ணை நான் சந்தித்ததில்லை.

சத்திரசிகிச்சையின் பின்னர் வினாத்தாள் மூலம் அளந்த ஆய்வுகளில், முன்னர் சொன்ன 2010, 2007 ஆய்வுகளில் பங்குபற்றிய பெண்கள் உட்பட, கசிவு நின்றவர்களின் தாம்பத்திய மதிப்பெண் உயர்ந்ததே பொதுவான முடிவு. எந்த நரம்பும் திருத்தப்பட்டதால் அல்ல. நனைந்துவிடும், மணக்கும், அவர் அருவருப்பார் என்ற பயம் போனதால். அடிப்பகுதித் தசைகளை எந்த நேரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இன்பம் எங்கிருந்து வரும்? நம் பகுதியில் இந்தப் பயம் படுக்கையறைக்கு வெளியேயும் நீள்கிறது. பாதி அர்ச்சனையில் கோயிலை விட்டு இறங்கும் பெண்களையும், ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னர் வுழு (தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவிப் பெறும் தூய்மை) முறிந்துவிட்டதோ என்று தடுமாறும் கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகளையும் நான் அறிவேன். மன அமைதி திரும்பினால் அது உறவிலும் தெரியும்.

மோசமாகும் சிறுபான்மையினருக்கு என்ன நடக்கிறது? யோனிச் சுவர் மெலிந்து நாடா வெளியே தெரிவது ஒன்று. நூறில் இரண்டு பேரளவில் நடக்கும் இது, வெள்ளைப்படுதல், உறவின் பின் இரத்தம், குத்துவது போன்ற நோவு ஆகியவற்றால் வெளிப்படும். நாடாவை இறுக்கமாக இழுத்துவைத்தாலோ தையல் தழும்பு இறுகினாலோ முன்சுவரில் ஒரு கயிறு போலத் தடித்து வலிக்கும். கசிவோடு சேர்த்து யோனிச் சுவர்த் தையலும் போட்டிருந்தால், குறிப்பாகப் பின்சுவர்த் தசைகளைச் சேர்த்துத் தைத்திருந்தால், வாயில் ஒடுங்கி நோகும். பல வேளைகளில் நாடாவின் மீது சுமத்தப்படும் பழி இந்தத் தையலுக்கு உரியது. இடுப்படித் தசைகள் வலிக்குப் பயந்து இறுகிக்கொள்வதும், அந்த இறுக்கமே புது வலியாவதும் இன்னொரு சுழற்சி. இவற்றுக்குப் பிறகு வருவதுதான் நேரடி நரம்புக் காயம். உட்கார்ந்தால் கூடி, நின்றால் அல்லது கொமட்டில் உட்கார்ந்தால் குறையும் எரிவு வலி பியுடென்டல் நரம்பைச் சுட்டும். உள்தொடை மரப்பும் கால் சேர்க்க முடியாத பலவீனமும் ஒப்டூரேட்டர் நரம்பைச் சுட்டும்.

நரம்பு நசுங்கியோ இழுபட்டோ இருந்தால் சில வாரங்களில் இருந்து மூன்று மாதங்களுக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும். உட்புற இழைகள் அறுந்திருந்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் அவை வளரும். ஆனால் கண்விழித்த முதல் நாளே மின்சாரம் பாய்வதுபோன்ற கடும் வலி ஒரு குறிப்பிட்ட கோட்டில் ஓடினால், "ஆறும், பொறுங்கள்" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நரம்பு தையலிலோ நாடாவிலோ சிக்கியிருக்கலாம்; முதல் நாட்களில் விடுவிப்பது இலகு, மாதங்கள் கழித்து விடுவிப்பது கடினம். தாமதித்து வந்த வலிக்கு இடுப்படி இயன்மருத்துவம், நரம்பைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் ஊசி, அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகள் என்று படிப்படியாகப் போவார்கள்.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது சத்திரசிகிச்சைக்கு முந்திய நிலைமையைத்தான். மூன்று பிரசவங்கள், அதில் ஒன்று ஆயுதம் போட்டது என்றால், உங்கள் பியுடென்டல் நரம்பு அன்றே ஓரளவு இழுபட்டிருக்கலாம். பிரசவத்தில் அந்த நரம்பு நீண்டு நலிவதை 1980களிலேயே மின்னளவீட்டால் காட்டியிருக்கிறார்கள். 46 வயதில் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதால் யோனி வறண்டு மெலியத் தொடங்கும். சீனி வருத்தம் இருந்தால் அதுவும் நரம்பின் கூர்மையை மழுக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செற்றலின் போன்ற குளிசைகள் உச்சத்தைத் தாமதப்படுத்தும். இவை எதுவும் முன்னரே எழுதப்படாமல் இருந்தால், பின்னர் ஏற்படும் குறை சத்திரசிகிச்சையால் வந்ததா, முன்னரே இருந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது. அந்த வெற்றிடத்தில்தான் பெண்ணின் முறைப்பாடு "வயது போனால் அப்படித்தான்" என்று தள்ளிவிடப்படுகிறது. நான் வேலைசெய்த வாட்டுகளில் சீனியும் பிரஷரும் தவறாமல் பதியப்பட்டன. உறவில் வலி உண்டா, உணர்வு எப்படி என்ற வரி ஒரு படிவத்திலும் இருக்கவில்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்று நானும் அந்த நாட்களில் வற்புறுத்தவில்லை.

ஆகவே உங்கள் கிளினிக் கொப்பியில் அதை எழுதச் சொல்லுங்கள்: உறவில் வலி இருக்கிறதா, எந்த இடத்தில், ஈரத்தன்மை, உச்சம், கசியும் நேரம். பஞ்சு முனையால் இதழ்களிலும் உள்தொடையிலும் தொட்டு உணர்வு சமமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதையும் பதியச் சொல்லுங்கள். பிறகு டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். எந்த வழியில் நாடா போகும், ஏன் அந்த வழி, வலையில்லாத முறை எனக்குப் பொருந்துமா, வலி வந்தால் நாடாவை எடுக்கக்கூடியவர் எங்கே இருக்கிறார். இந்தக் கேள்விகளால் நல்ல நிபுணர் எவரும் கோபிக்கமாட்டார். சத்திரசிகிச்சை முடிந்ததும் நாடாப் பெட்டியில் இருக்கும் இலக்க ஸ்டிக்கரை அதே கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நீங்கள் இடுப்படித் தசைப்பயிற்சி செய்ததாக எழுதவில்லை. காற்று வெளியேறாமல் அடக்குவதுபோலத் தசையை உள்ளும் மேலுமாக இழுத்துப் பிடித்து விடுவது. ஒரு வேளைக்கு எட்டுத் தடவையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஆர்னல்ட் கீகல் 1948இல் சொன்ன பயிற்சியின் வழிவந்தது. பலர் வயிற்றையும் தொடையையும் இறுக்கிவிட்டுச் செய்ததாக நினைத்துக்கொள்வதால், முதல் தடவை யாராவது பரிசோதித்துக் காட்டவேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சுகவனிதையர் கிளினிக்குக்கோ பிசியோதெரபிப் பிரிவுக்கோ வழிகாட்டுவார். உறவில் வறட்சி இருந்தால், டொக்டரின் ஆலோசனையோடு யோனியில் பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீமை இந்த மாதங்களிலேயே தொடங்கலாம். திசு தடிப்பாக இருந்தால் பின்னர் வெட்டு ஆறுவதும் நன்றாக இருக்கும். மூன்று மாதத்தில் கசிவு பாதியாகக் குறைந்து, அதுவே உங்களுக்குப் போதுமென்றால் நாடாவுக்கு அவசரமே இல்லை. இது உயிராபத்தான நோயல்ல; தள்ளிப்போடுவதால் எதுவும் கைமீறாது.

கடைசியாகக் கணவரின் தயக்கம். நாடா சரியான இடத்தில் இருந்தால் அவருக்கு எதுவும் தெரியாது. அது யோனிக்குள் வெளிப்பட்டிருந்தால் அவருக்கு முள் கீறியதுபோலக் குத்தும். பெண் எதையும் உணரும் முன்னரே கணவர் அதைக் கண்டுபிடிப்பதும் உண்டு. குத்தினால் மறைக்காமல் உங்களிடம் சொல்லவேண்டும் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம்வரை உறவு வேண்டாம், அதுவரை பாரமான குடமும் அரிசி மூட்டையும் தூக்குவது அவர் பொறுப்பு. ஆறு வாரப் பரிசோதனையில் டொக்டர் காயத்தைப் பார்த்து ஆறிவிட்டதென்று சொன்ன பின்னர், அவசரமில்லாமல், வழுக்குக் களிம்போடு, நீங்கள் விரும்பிய நாளில் தொடங்குங்கள். அன்று நொந்தால் நிறுத்திவிட்டு, நொந்த இடத்தையும் திகதியையும் கிளினிக் கொப்பியில் குறித்துவையுங்கள்.